வயல் வண்டும் கடற்பஞ்சும்: ஒரே நஞ்சை ஆக்கியது யார்?

நிகழ்வு

நெல்வயலை ஒட்டிய வீட்டில் மாலை விளக்கைப் போட்டதும் வந்து விழும் பூச்சிகளில் ஒரு சின்ன வண்டு உண்டு. எறும்பைப்போல் நீண்ட உடல், அதில் செம்மஞ்சளும் கறுப்பும் மாறிமாறிப் பட்டை. பீடெரஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆசியாவில் நெல் விளையும் நாடுகளில் பரவலாக இருக்கும் இந்த வண்டு வயலுக்கு நல்லதையே செய்கிறது. தத்திகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊரும்போது கையால் தேய்த்துவிட்டால்தான் வினை. நசுங்கிய உடலிலிருந்து வரும் நீர் பட்ட இடம் ஒரு நாள், இரண்டு நாளில் கோடு இழுத்தாற்போல் சிவந்து, கொப்பளித்து எரியும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் ஒரே அச்சில் புண் எழும். அக்கி என்று நினைத்துக்கொண்டு வைத்தியரிடம் போகிறவர்கள் உண்டு. பட்டவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும், அந்தக் கையைக் கண்ணில் வைக்காமல் இருப்பதுமே முதல் உதவி.

அந்த எரிச்சலுக்குக் காரணம் பெடெரின் என்னும் சேர்வை. இத்தாலிய ஆய்வாளர் பவானின் குழு 1950களில் அதைப் பிரித்தெடுத்தபோது, சுமார் 2.5 கோடி வண்டுகளை வயல்களிலிருந்து திரட்டிப் பிழிய வேண்டியிருந்தது. நானோகிராம் அளவிலேயே இந்தச் சேர்வை நம்முடைய கலங்களில் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். கலம் பிரிவதும் அதோடு நின்றுவிடும்.

பெடெரினின் கதை வயலோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1988 இல் கடலிலிருந்து இரண்டு அறிக்கைகள் வந்தன. யப்பானின் ஒகினாவாக் கடலில் எடுத்த தியோனெல்லா என்ற கடற்பஞ்சில் ஒன்னமைட் என்ற சேர்வை கிடைத்தது. நியூசிலாந்தின் மைக்கேல் என்ற கடற்பஞ்சில் மைக்கலமைட் கிடைத்தது. இரண்டினதும் மையச் சட்டகம் வயல் வண்டின் பெடெரினேதான். வால் பகுதிதான் வேறு.

வண்டு ஒரு பூச்சி. கடற்பஞ்சோ நரம்பும் குடலும் இதயமும் இல்லாத, விலங்குக் குலத்தின் மிகப் பழைய கிளைகளில் ஒன்றைச் சேர்ந்த உயிர். இவ்வளவு சிக்கலான ஒரு மூலக்கூறை இந்த இரண்டும் தனித்தனியே கண்டுபிடித்தன என்று நம்புவது கடினம். அப்படியானால் ஆக்கியது யார்? இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் வழக்கு இதுதான். கூடவே, மன்னார்க் கடலோடு வாழ்கிற நமக்கு இதன் விடை ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டில் கிடைத்த முதல் சான்று

வண்டின் பக்கம் விடை முதலில் தெளிந்தது. பீடெரஸ் பெண் வண்டுகள் எல்லாமே பெடெரின் ஆக்குவதில்லை என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் கெல்னர் கவனித்தார். நஞ்சுள்ள பெண்கள் தங்கள் முட்டைகளுக்கு அதைக் கொடுத்துவிடுகின்றன. அந்த முட்டையிலிருந்து வரும் புழுவை ஓநாய்ச் சிலந்திகள் தொடுவதில்லை. நஞ்சில்லாத தாயின் புழுவுக்கு, நஞ்சுள்ள தாயின் முட்டையைத் தின்னக் கொடுத்தால், அது வளர்ந்து தானும் நஞ்சாக்கத் தொடங்குகிறது. நுண்ணுயிரெதிரி மருந்தைக் கொடுத்தாலோ அந்தத் திறன் போய்விடுகிறது. நுண்ணுயிரெதிரியால் அழியும் திறன் வண்டின் சொந்தத் திறனாக இருக்க முடியாது.

2002 இல் யோர்ன் பீல் என்ற ஆய்வாளர், வண்டின் உடலிலிருந்த டி.என்.ஏ.யில் பெடெரின் ஆக்கும் மரபணுக் கொத்தையே கண்டுபிடித்தார். அது பூச்சியின் மரபணு அன்று. சூடோமோனாஸ் குலத்துப் பற்றீரியா ஒன்றின் மரபணு. மருத்துவமனைகளில் புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் சூடோமோனாஸ் எரூஜினோசாவின் நெருங்கிய உறவு அந்தப் பற்றீரியா. நம்முடைய கழுத்தில் கொப்பளம் போடுவது வண்டு. கொப்பளத்துக்கான சரக்கை ஆக்கியது அதனுள் குடியிருக்கும் பற்றீரியா.

இந்தச் சான்று ஏன் வலுவானது என்பதைக் கவனிக்க வேண்டும். பற்றீரியாவை நீக்கினால் சேர்வை நீங்குகிறது, பற்றீரியாவைக் கொடுத்தால் சேர்வை வருகிறது, ஆக்கும் மரபணுவும் பற்றீரியாவிடமே இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கடற்பஞ்சில் முதல் இரண்டையும் செய்வது மிகக் கடினம். பஞ்சை ஆய்வுகூடத் தொட்டியில் வளர்ப்பதே பெரும்பாடு. நுண்ணுயிரெதிரி கொடுத்தால் பற்றீரியாவோடு பஞ்சும் செத்துப்போகலாம்.

பஞ்சின் உடல்

கடற்பஞ்சு நகராது. உடல் முழுக்க நுண்துளைகள். அவற்றின் வழியே நீரை உறிஞ்சி, சவுக்குக் கலங்கள் வரிசையிட்ட அறைகளில் வடித்து, மேலுள்ள பெரிய வாயால் வெளியே விடும். ஒரு கிலோகிராம் பஞ்சு ஒரு நாளில் 24,000 லீற்றர் வரை நீரை இறைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நீரிலுள்ள பற்றீரியாதான் அதன் முக்கிய உணவு.

பற்றீரியாவைத் தின்று வாழும் அதே உடலின் உள்ளே, சில இனங்களில், உடற்பொருளின் மூன்றிலொரு பங்குக்கும் மேல் பற்றீரியாவே நிறைந்திருக்கிறது. தின்ன வேண்டியதையும் வைத்திருக்க வேண்டியதையும் பஞ்சு எப்படிப் பிரித்தறிகிறது என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே குடியிருக்கும் பற்றீரியாக்கள் பலவற்றில், விலங்குக் கலங்களில் காணப்படுவது போன்ற அன்கிரின் வகைப் புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதத்தைச் சாதாரண ஈ.கோலை பற்றீரியாவுக்குள் ஆக்கவைத்து அமீபாவிடம் கொடுத்தபோது, அமீபா அதை விழுங்கியது, ஆனால் செரிக்கவில்லை. 2014 இல் வந்த முடிவு இது. குடியிருப்பவை தங்களைத் தின்னாமல் இருக்கும்படி பஞ்சின் கலங்களை இசைய வைக்கின்றன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

தியோனெல்லாவின் வழக்கு

1868 இல் கிறே என்பவர் தாய்வான் கடலில் கிடைத்த ஒரு கடினமான பஞ்சை விவரித்து, ரொபேட் சுவின்ஹோ என்பவரின் நினைவாகத் தியோனெல்லா சுவின்ஹோயி என்று பெயரிட்டார். செங்கடலிலிருந்து பசிபிக் வரை பரந்து காணப்படும் இந்தப் பஞ்சு, உயிரியல் விளைவுள்ள சேர்வைகளின் களஞ்சியம் என்று பின்னர் தெரியவந்தது. ஒன்னமைட், பொலிதியோனமைட், சைக்ளோதியோனமைட், கெரமமைட், சுவின்ஹோலைட் என்று பட்டியல் நீளும். ஒரே உயிர் இத்தனை வகை வேதியியலை வைத்திருப்பதே ஒரு துப்பாக இருந்தது.

முதல் பெரிய முயற்சி 1996 இல் வெளியானது. போக்னரின் குழு பலாவ் தீவுப் பஞ்சைக் கலம் கலமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எந்தச் சேர்வை இருக்கிறது என்று பார்த்தது. பஞ்சின் சொந்தக் கலங்களில் முக்கியமான இரண்டு சேர்வைகளும் இல்லை. ஒளித்தொகுப்புச் செய்யும் சயனோபற்றீரியாவிலும் இல்லை. சுவின்ஹோலைட் ஒற்றைக்கலப் பற்றீரியாக் கூட்டத்தில் இருந்தது. வளைய வடிவப் பெப்தைட்டு (அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலி) ஒன்று, நூலாகத் தொடுத்த வேறொரு பற்றீரியாவில் இருந்தது. அந்த நூல் பற்றீரியாவுக்கு 2000 இல் எந்தோதியோனெல்லா என்று தற்காலிகப் பெயர் கிடைத்தது. தனியே வளர்க்க முடியாத பற்றீரியாவுக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள்.

இந்தச் சான்று பயனுள்ளது, ஆனால் முடிவானதல்ல. பலகாரம் எந்த வீட்டு அலுமாரியில் இருக்கிறது என்பதை வைத்துச் சுட்டது யார் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கலம் ஆக்கி வெளியே விட, இன்னொரு கலம் அதைச் சேர்த்து வைக்கலாம். சுவின்ஹோலைட் விடயத்தில் இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பது பின்னால் தெரிந்தது. சுவின்ஹோலைட்டின் நெருங்கிய உறவான மிசாக்கினோலைட்டை ஆக்கும் மரபணுக் கொத்து, 2015 இல், ஒற்றைக்கலப் பற்றீரியாவில் அன்றி நூல்போன்ற எந்தோதியோனெல்லாவின் இன்னொரு வகையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கடற்பஞ்சோடு தொடர்பே இல்லாத ஒரு கடல் சயனோபற்றீரியாவிலிருந்து சுவின்ஹோலைட் கிடைத்ததாக 2005 இலேயே செய்தி வந்திருந்தது. ஆகவே சேர்வை இருக்கும் இடத்தை மட்டும் சான்றாகக் காட்டும் எந்த ஆய்வையும் நான் பாதி நிறைந்த சான்றாகவே எடுத்துக்கொள்வேன்.

மரபணுச் சான்று 2004 இல் வந்தது. பீலின் குழு தியோனெல்லாப் பஞ்சின் மொத்த டி.என்.ஏ.யையும் துண்டுதுண்டாக்கி நூலகமாகச் சேமித்து, பெடெரின் மரபணுவை வழிகாட்டியாக வைத்துத் தேடியது. சிக்கல் என்னவென்றால், பஞ்சுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பற்றீரியா இனங்களிலும் இதேபோன்ற பொலிகீற்றைட்டு மரபணுக்கள், அதாவது பெடெரினும் ஒன்னமைட்டும் சேர்ந்த சேர்வை வகையை ஆக்கும் மரபணுக்கள், ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதவை. தேடிக் கிடைத்த கொத்தின் அமைப்பு ஒன்னமைட்டின் கட்டமைப்போடு படிப்படியாகப் பொருந்தியது. அந்த மரபணுக்களில் விலங்கு மரபணுக்களில் காணும் இடைவெட்டுத் துண்டுகள் இல்லை. அவற்றைச் சுற்றியிருந்த மரபணுக்களும் பற்றீரியாவுடையவை. ஆக்கியது பற்றீரியா என்பது நிச்சயமாயிற்று. எந்தப் பற்றீரியா என்பது இன்னும் பத்து ஆண்டுகள் திறந்தே கிடந்தது.

2014 இல் அந்தக் கதவு மூடியது. நூல்போன்ற எந்தோதியோனெல்லாவுக்குத் தானாகவே ஒளிரும் இயல்பு உண்டு. அந்த ஒளியை வைத்து அதன் கலங்களைப் பிரித்தெடுத்து, தனிக்கலத்தின் மரபணுத் தொகுதியையே வாசித்தார்கள். சூரிச்சிலும் யப்பானிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து செய்த வேலை அது. முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மஞ்சள் உள்ளுடம்பு கொண்ட தியோனெல்லாவில் அதுவரை பேர் பெற்றிருந்த பொலிகீற்றைட்டுகளும் பெப்தைட்டுகளும் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே பற்றீரியாவின் கைவேலை. அதன் மரபணுத் தொகுதி 90 இலட்சம் எழுத்துக்களுக்கும் மேல், ஈ.கோலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதுவரை அறிந்திருந்த பற்றீரியாக் கணங்கள் எதிலும் அடங்காததால் டெக்டோமைக்ரோபியா என்ற புதிய கணத்தையே முன்மொழிந்தார்கள்.

பொலிதியோனமைட்டைப் பற்றித் தனியே சொல்லாமல் விடமுடியாது. கலமென்சவ்வில் துளைபோட்டு அயன்களைக் கசியவிடும் நஞ்சு அது. அதில் இயற்கையில் அபூர்வமான அமினோ அமிலங்கள் நிறைந்திருந்ததால், கலத்தில் புரதம் கோக்கும் பொறியான இறைபோசோம் அதை ஆக்கியிருக்க முடியாது என்றே கருதினார்கள். 2012 இல் வந்த ஆய்வு அதை மாற்றியது. சாதாரண இருபது அமினோ அமிலங்களால் இறைபோசோமே முதலில் சங்கிலியைக் கோக்கிறது. பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய சில நொதியங்கள் 48 மாற்றங்களை அதில் செய்கின்றன. அவற்றில் 18, அமினோ அமிலத்தை இடக்கை வடிவிலிருந்து அதன் கண்ணாடி விம்பமான வலக்கை வடிவுக்குத் திருப்பும் மாற்றங்கள். அந்த மரபணுக்களில் சிலவற்றை ஈ.கோலைக்குள் வைத்து இயக்கிப் பார்த்தபோது, அதே மாற்றம் அங்கேயும் நடந்தது. சான்றுகளில் நான் மிக உயர்ந்த படியில் வைப்பது இதைத்தான். மரபணுவை வேறு உயிரில் வைத்து இயக்கி, எதிர்பார்த்த வேதியியல் நடப்பதைக் கண்ணால் காண்பதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆக்கியவர் எப்போதும் ஒருவரல்ல

இந்த வழக்கின் தீர்ப்பை எல்லாப் பஞ்சுகளுக்கும் நீட்டிவிட முடியாது. பெடெரின் குடும்பச் சேர்வையை வைத்திருக்கும் நியூசிலாந்து மைக்கேல் ஹென்ற்ஷெலியை 2020 இல் இரண்டு குழுக்கள் வாசித்தன. அங்கே எல்லாவற்றையும் ஆக்கும் ஒரே பற்றீரியா இல்லை. மைக்கலமைட்டை ஒன்று, பெலோருசைட்டை வேறொன்று, பட்டேயமைனை மற்றொன்று என்று பல பற்றீரியாக்கள் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தன. ஹாலிக்ளோனாவில் ரெனியராமைசின் ஆக்கும் பற்றீரியாவை 2019 இல் கண்டார்கள். அது பஞ்சின் குறிப்பிட்ட கலங்களுக்குள்ளேயே அடைந்து, தனித்து வாழும் திறனில் பலவற்றை இழந்திருந்தது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ரெர்பீன் வகைச் சேர்வைகளை ஆக்கும் நொதிய மரபணுக்கள் பஞ்சின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே இருக்கின்றன என்று 2023 இல் காட்டப்பட்டது. ஆகவே பஞ்சில் இருப்பதெல்லாம் பற்றீரியாவின் சரக்கு என்று சொல்வதும், பற்றீரியாவை மறந்துவிட்டுப் பஞ்சின் சரக்கு என்று சொல்வதும் ஒரே அளவு பிழை.

உயர்தர வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அப்ப தியோனெல்லாவில பஞ்சு ஒண்டுமே செய்யேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை, அப்பிடிச் சொல்லக் கூடாது. அந்தப் பற்றீரியாவை எடுத்து ஆய்வுகூடத்தில வளர்க்க எத்தினை பேர் பாத்தும் லேசில சரிவரேல்லை. பஞ்சு குடுக்கிறதை நாங்கள் இன்னும் குடுக்கப் பழகேல்லை."

அவளுடைய கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. யப்பானின் டிஸ்கோடெர்மியா கேலிக்ஸ் என்ற பஞ்சில் கலிகுலின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. புரதங்களிலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றும், கலத்தின் பொஸ்பற்றேசு நொதியங்களை அடைத்துவிடுவது அதன் தொழில். அதை ஆக்குவதும் எந்தோதியோனெல்லா வகைதான் என்று 2014 இல் தெரிந்தது. அதைவிட அழகான உண்மை, அமைதியாக இருக்கும் பஞ்சுக்குள் கலிகுலின் நஞ்சாக இருப்பதே இல்லை என்பது. கூடுதலாக ஒரு பொஸ்பேற்றைச் சுமந்த, வீரியம் குறைந்த வடிவில் அது காத்திருக்கிறது. பஞ்சைக் கிழித்தால், நசுக்கினால், நொடியில் அந்தப் பொஸ்பேற்று கழன்று நஞ்சு விழித்துக்கொள்கிறது. தன்னைச் சுமக்கும் உயிரைக் கொல்லாமல், அதைத் தின்ன வருபவரை மட்டும் தாக்கும் ஏற்பாடு. இத்தகைய பிணைப்பு ஒரு நாளில் உருவாகாது.

பெடெரின் குடும்பம் கரையிலும் விரிந்து கிடக்கிறது. தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் சாறுறிஞ்சும் டயபோரினா சிற்றி என்ற சின்னப் பூச்சிக்குள் வாழும் பற்றீரியா டயபோரின் என்ற பெடெரின் உறவை ஆக்குகிறது. இது 2013 இல் கண்டறியப்பட்டது. லைக்கன் ஒன்றுக்குள் வாழும் நொஸ்டொக் என்ற சயனோபற்றீரியாவும் இன்னொரு பெடெரின் உறவை ஆக்குகிறது. யாருக்குள்ளும் குடியிராமல் தனியே வளரும் ஒரு கடற்பற்றீரியா லப்ரென்சின் என்ற, பெடெரினிலிருந்து ஒரேயொரு மெதைல் தொகுதி குறைந்த சேர்வையை ஆக்குகிறது. ஒன்றுக்கொன்று மிகத் தூரமான இந்தப் பற்றீரியாக்களிடம் ஏறத்தாழ ஒரே மரபணுக் கொத்து இருப்பதைக் குலவழிப் பரம்பரையால் விளக்க முடியாது. பற்றீரியாவிலிருந்து பற்றீரியாவுக்குக் கொத்தாகவே கைமாறியிருக்கிறது.

விடை ஏன் வேண்டும்

வன்னியிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ போகும் இரத்தப் புற்றுநோயாளர்களுக்கு ஏற்றப்படும் மருந்துகளில் சைற்றரபீன் ஒன்று. 1950களின் தொடக்கத்தில் பேர்க்மனும் ஃபீனியும் கரிபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட வழக்கமற்ற நியூக்கிளியோசைட்டுகள் (டி.என்.ஏ. எழுத்துக்களை ஒத்த கூறுகள்) காட்டிய வழியில் உருவானது அது. 1969 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடற்பஞ்சு வேதியியல் மருந்தாகும் என்பது வெறும் எதிர்பார்ப்பல்ல. நம்முடைய சொந்தங்களின் கையில் ஏறுகிற ஊசி அது.

ஆனால் பஞ்சைப் பிடுங்கிப் பிழிந்து மருந்தெடுப்பது நடக்காத காரியம். ஹாலிகொண்ட்ரின் என்ற சேர்வைக்காக நியூசிலாந்தில் ஒரு தொன் அளவு பஞ்சை அறுவடை செய்து பெற்றது சுமார் 300 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பாத அளவு. அதன் எளிமையாக்கப்பட்ட வடிவமான எரிபுலின் 2010 இல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. பஞ்சைக் கைவிட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட வேதித் தொகுப்பால் செய்த பிறகே அது முடிந்தது. ஆக்கும் பற்றீரியாவும் அதன் மரபணுவும் தெரிந்தால் மூன்றாவது வழி திறக்கிறது. பொலிதியோனமைட்டை ஒத்த நஞ்சை ஆக்கும் மரபணுக்களை வளர்க்கக்கூடிய மைக்ரோவிர்குலா என்ற பற்றீரியாவில் கண்டு, அதிலேயே ஆக்கவும் செய்திருக்கிறார்கள். யார் ஆக்கியது என்ற கேள்வி இப்படித்தான் எப்படிப் பெறுவது என்ற கேள்விக்கு விடையாகிறது.

மன்னார்க் கரையில் நின்று பார்த்தால்

சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால் கிடக்கும் முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகள், உலகக் கடற்பஞ்சு ஆய்வில் பழைய பெயர் பெற்றவை. முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) ஏன் ஆண்டுக்காண்டு ஏமாற்றுகிறது என்று ஆராய 1902 இல் ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளர் இங்கே வந்தார். அவர் சேகரித்த பஞ்சுகளை ஆதர் டெண்டி படித்து 1905 இல் தனி அறிக்கையாக எழுதினார். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்துப் பாழாக்கும் கிளியோனா மார்கரிற்றிஃபெரே என்ற பஞ்சுக்குப் பெயர் கொடுத்தது அந்த அறிக்கைதான். அதே ஆண்டில் டிஸ்கோடெர்மியா எமார்ஜினேற்றா என்ற இனத்தையும் இலங்கைக் கடலிலிருந்து டெண்டி விவரித்தார். யப்பானின் கலிகுலின் பஞ்சும் இதுவும் ஒரே பேரினம். தியோனெல்லாவும் அதே குடும்பம்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெயர் மட்டும் எழுதி வைத்த அந்தப் பார்களில், பஞ்சுக்குள்ளே யார் வாழ்கிறார்கள் என்ற கேள்வியை நம்முடைய பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். பம்பைமடுவில் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியே இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. கடலும் ஆய்வுகூடமும் ஒரு காலைப் பயணத் தூரம். டி.என்.ஏ. வாசிப்பு இன்றைக்கு முன்னைப்போல் கோடிகளில் நடக்கும் வேலை அல்ல.

அவசரமும் இருக்கிறது. கடலடியை வாரும் இழுவைமடி பஞ்சை வேரோடு பெயர்த்துக் கழிவோடு கழிவாகக் கொட்டிவிடும். 2017 இல் நாடாளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்தது. அக்கரையிலிருந்தும் இக்கரையிலிருந்தும் அது முழுதாக நிற்கவில்லை என்பதை மன்னார், முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் சொல்லாத நாளில்லை. மீனுக்காக அவர்கள் எழுப்பும் குரல் பஞ்சுக்கும் சேர்த்துத்தான். ஒரு பார் அழிந்தால், அதில் தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த பற்றீரியாக் குடிகளும் அதோடு அழிகின்றன. வேறெங்கும் வளர்க்க முடியாத பற்றீரியாவுக்கு அந்தப் பஞ்சு மட்டும்தான் இடம்.

சங்கு குளிப்பவர்களும் கடலட்டை பிடிப்பவர்களும் கடலடியை நம்மில் யாரையும்விட நன்றாக அறிவார்கள். அவர்களோடு சேர்ந்து, உரிய அனுமதி பெற்று ஒரு மாதிரி எடுப்பதென்றால் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. பஞ்சு முழுவதையும் பெயர்க்கவே கூடாது. பெருவிரல் நுனியளவு துண்டு டி.என்.ஏ.க்குப் போதும், வெட்டிய இடம் பெரும்பாலும் ஆறி வளர்ந்துவிடும். கையுறை அவசியம், சிலிக்கா ஊசிகள் தோலில் ஏறினால் நாள்கணக்கில் அரிக்கும். நீருக்குள் இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும், கரைக்கு வந்தால் நிறம் மாறிவிடும். வெட்டு முகத்தின் நிறத்தையும் எழுத வேண்டும். தியோனெல்லாவில் உள்ளே மஞ்சளா வெள்ளையா என்பதே வேதியியலையும் குடியிருக்கும் பற்றீரியாவையும் மாற்றிவிட்டது. துண்டை 95 சதவீத எதனோலில் போட்டு, மறுநாள் எதனோலை மாற்ற வேண்டும், பஞ்சிலிருந்து வரும் நீர் அதை ஐதாக்கிவிடும். சிறு துணுக்கு ஒன்றைக் கடையில் வாங்கும் வெளிற்றும் திரவத்தில் கரைத்தால் தசை போய் ஊசிகள் மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியிலேயே அவற்றின் வடிவத்தைப் பார்த்து, எந்தக் குடும்பத்துப் பஞ்சு என்று வகுக்கத் தொடங்கலாம்.

மாதிரி வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறதென்றால், எந்தப் பாரில், எந்தக் கரை மக்களின் துணையோடு எடுக்கப்பட்டது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையை இலங்கை 1994 இல் ஏற்றது. மரபுவளத்தின் மீது நாட்டுக்கு இறைமை உண்டு என்பது அதன் அடிப்படை. ஆனால் ஒரு பற்றீரியாவின் மரபணுத் தொடர் கணினியில் ஏறிவிட்டால், அதை இயக்கிப் பார்க்க விரும்பும் நிறுவனத்துக்குப் பஞ்சே தேவையில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த மாநாடு, மரபணுத் தொடரால் இலாபம் காணும் மருந்து நிறுவனங்களும் ஏனையவையும் பங்களிக்கும் நிதியம் ஒன்றை ஏற்படுத்த இணங்கியது. 2025 பெப்ரவரியில் அது தொடங்கப்பட்டது. அதில் சேரும் பணத்தில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது இலக்கு. நிறுவனங்கள் பணம் போடுவது இப்போதைக்குக் கட்டாயமில்லை. சிலாவத்துறைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு இந்தச் செய்தி தமிழில், அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். மாதிரிப் புட்டியில் ஒட்டும் சீட்டில் பாரின் பெயரை அவர்கள் அழைக்கும் பெயரிலேயே எழுதுவது அதற்கு முதல் வேலை.